பதினேழாம் தகடு

கீரிமலைக்குப் போகும் வீதியில், கடலுக்கு ஒரு கட்டை, அதாவது ஒரு மைல், தூரத்தில் எங்கள் கலாசாலை இருந்தது. வாசற் பலகையில் 'பொறியியற் கலாசாலை' என்று எழுதியிருந்தது. ஊரார் 'எஞ்சின் பள்ளிக்கூடம்' என்றார்கள். 1936ஆம் ஆண்டு அங்கே இருபத்துநான்கு பேர் விடுதியில் தங்கிப் படித்தோம். நானும் என் தம்பி செல்வரட்ணமும் அவர்களில் இருவர். என் இலக்கம் பதினாறு. அவனுடையது பதினேழு.

சேர்ந்த அன்றே ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு புத்தகம் தந்தார்கள். அதில் நாற்பத்தொரு விதிகள் இருந்தன. அதிபர் நமசிவாயம் தாமே எழுதி அச்சடிப்பித்தவை. அவர் மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் முப்பது வருடம் எஞ்சினியராக இருந்து, பென்சனோடு ஊர் திரும்பியவர்.

"இதிலை ஒவ்வொரு விதிக்குப் பின்னாலையும் ஒரு பிரேதம் கிடக்கு" என்று முதல் வகுப்பில் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகு செல்வம் சிரித்தான்.

"அண்ணை, முப்பத்திரண்டாம் விதி பாத்தனீயோ? 'விடுதியில் நின்றுகொண்டு தேநீர் அருந்தலாகாது.' உதுக்குப் பின்னாலை கிடக்கிற பிரேதம் ஆரின்ரை?"

"மெல்லக் கதையடா."

"நாற்பத்திரண்டாம் விதியை நான் எழுதிக் குடுக்கிறன். மூச்சு விட முன்னம் அதிபரிட்டைக் கேக்கவேணும்."

விதியை மீறினால் நடத்தைப் புத்தகத்தில் பெயருக்கு எதிரே ஒரு கறுப்புப் புள்ளி விழும். மூன்று புள்ளி விழுந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு மாற்றாக இன்னொரு ஏற்பாடும் இருந்தது. விடுதிப் பொறுப்பாளர் சோமசேகரம் மாஸ்டரின் அறைக் கதவு வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் திறந்திருக்கும். பயமோ வருத்தமோ கணக்கு விளங்காத கவலையோ, எதையும் அங்கே போய்ச் சொல்லலாம். அங்கே சொன்னது புத்தகத்தில் ஏறாது. அவர் இஞ்சி போட்ட தேத்தண்ணீர் தருவார், கேட்பார், தலையாட்டுவார்.

அதோடு ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு துணைவன் உண்டு. சகோதரர்களைத் துணைவர்களாக விடுவதில்லை என்பது அதிபரின் வழக்கம். எங்களைச் சேர்க்க நெல்லியடியிலிருந்து வந்த அம்மா, அவர் மேசைக்கு முன்னால் கை கட்டி நின்று, "ரண்டு பேரையும் ஒண்டாய் விடுங்கோ ஐயா. தேப்பன் இல்லாததுகள். மூத்தது பாத்துக்கொள்ளும்" என்று கேட்டாள். அதிபர் நெடுநேரம் பேனாவைப் பார்த்தபடி இருந்துவிட்டுச் சரி என்றார். அவர் தம் வழக்கத்தை மாற்றியது அந்த ஒரு முறைதான் என்று பிறகு அறிந்தேன்.

வேலைப் பட்டறைக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. சுண்ணாம்புப் பாறையை நேர் கீழே நாற்பதடி வெட்டிய சதுரக் கிணறு. கடல் ஏறும்போது அதில் தண்ணீரும் ஏறும். கடல் வற்றும்போது இதுவும் வற்றும். ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீர். முப்பதடி ஆழத்தில் பாறையிலே ஒரு படி விட்டு, அதில் பம்பை வைத்திருந்தார்கள். எஞ்சின் மேலே, கிணற்றோடு ஒட்டிய கொட்டிலில். எஞ்சினின் சில்லிலிருந்து ஒரு நீண்ட தோல் வார் கிணற்றுக்குள் இறங்கிப் பம்பைச் சுற்றும். பம்புக்குக் கிறீஸ் பூச இறங்குபவன் அந்த வாருக்கு ஒரு முழ தூரத்தில் நிற்க வேண்டும்.

அதனால் கொட்டிற் சுவரில் இரண்டு பலகைகள் அடித்திருந்தன. மேலே வெள்ளை, கீழே சிவப்பு. ஒவ்வொன்றிலும் இருபத்துநான்கு ஆணி. வெள்ளைப் பலகையில் எங்கள் இலக்கம் வெட்டிய பித்தளைத் தகடுகள் தொங்கும். கிணற்றுக்குள் இறங்குபவன் தன் தகட்டை எடுத்துச் சிவப்பில் மாட்டிவிட்டு இறங்குவான். மேலே வந்ததும் திரும்ப வெள்ளையில் மாட்டுவான். சிவப்பில் ஒரு தகடு தொங்கினாலும் எஞ்சினைத் தொடக்கக் கூடாது. மலாயாவிலிருந்து அதிபர் கொண்டுவந்த முறை இது.

பதினான்காம் விதி: ஒருவனுடைய தகட்டை அவன் கையே மாட்ட வேண்டும், அவன் கையே கழற்ற வேண்டும்.

பதினைந்தாம் விதி: ஒருவன் கீழே இருக்கும்போது அவனுடைய துணைவன் கிணற்று விளிம்பில் நிற்க வேண்டும். விலகிப் போய் வந்தால் இலக்கத்தையும் பெயரையும் சொல்லி மூன்று முறை கீழே கூப்பிட வேண்டும்.

செல்வத்துக்கு ஏற்கெனவே இரண்டு புள்ளி. இரண்டும் ஒரே பிழைக்குத்தான். மேலே வந்த பிறகு தகட்டை வெள்ளைக்கு மாற்ற மறந்து, பகிடி பேசிக்கொண்டு போய்விட்டான்.

ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. பகல் பன்னிரண்டரை மணி. கிறீஸ் பூசும் முறை எங்களுடையது. செல்வம் பதினேழைச் சிவப்பில் மாட்டிவிட்டு ஏணியால் இறங்கினான். நான் விளிம்பில் நின்றேன்.

"தண்ணி ஏறிக் கிடக்கு அண்ணை, முழங்கால் மட்டும் நிக்குது. நல்ல குளிர். நீயும் வாவன்."

"பதினைஞ்சாம் விதி."

"விதியையும் கூட்டிக்கொண்டு வா. அதுவும் குளிச்சுக் கன நாளாயிருக்கும்."

வாசலில் தபாற்காரனின் சைக்கிள் மணி கேட்டது. சனிக்கிழமையில் அம்மாவின் கடிதம் வரும். ஐந்து நிமிடம் என்று நினைத்துப் போனேன். அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிய கடிதம். பசு கன்று போட்டிருக்கிறது, புகையிலைக்கு நாற்று மேடை போட ஆள் பிடித்திருக்கிறது, தம்பி சாப்பிடுகிறானா. அதை வாசித்துக்கொண்டே கொட்டிலுக்குத் திரும்பினேன்.

சீமெந்து நிலத்தில் ஈரத் தடங்கள் கிடந்தன. கிணற்று விளிம்பிலிருந்து கதவு வரைக்கும். பெருவிரல் சற்று விலகிய அவனுடைய கால். ஏணியில் ஒருவரும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்துவிட்டிருந்தது. சிவப்புப் பலகையில் பதினேழு அப்படியே தொங்கியது.

மூன்றாவது புள்ளி என்று நினைத்தேன். விசரன், திரும்பவும் மறந்து போய்விட்டான்.

தகட்டைக் கழற்றி வெள்ளையில், என் பதினாறுக்குப் பக்கத்தில் மாட்டினேன். காய்ந்த தகடு. வெயிலில் கொஞ்சம் சூடாகவும் இருந்தது. கீழே எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிடவும் இல்லை.

அவன் கிறீஸ் போதாமல் களஞ்சிய அறைக்குப் போயிருக்கிறான். போன கால் ஈரம். திரும்பி வந்தபோது காலில் ஈரம் காய்ந்து செம்மண் ஒட்டியிருந்தது. அந்தச் செம்மண் தடங்கள் கதவிலிருந்து கிணற்றுக்கு, ஈரத் தடங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தன. பின்னேரம் நான் அவற்றைப் பார்த்தேன். மதியம் போன தடங்களை மட்டும் பார்த்தேன். வந்த தடங்களைப் பார்க்கவில்லை.

சாப்பாட்டு மண்டபத்தில் அவன் இருக்கும் இடம் காலியாக இருந்தது. கைகழுவப் போயிருப்பான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு சோற்றைப் பிசைந்தேன். ஒரு மணிக்கு எஞ்சின் தொடங்கும் சத்தம் கேட்டது. சில்லு நாலைந்து முறை சுற்றியிருக்கும். பிறகு ஒரு கணம் எஞ்சின் மூச்சைப் பிடித்தது. பிறகு திரும்பவும் ஓடியது.

அதற்குப் பிறகுதான் எஞ்சின்காரர் நாகலிங்கத்தின் குரல் கேட்டது.

நான் ஓடிப்போனபோது அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிணற்றைப் பார்க்கவில்லை.

"நான் பாத்தனான்" என்றார். "ஐயோ, என்ரை ரண்டு கண்ணாலையும் பாத்தனான். இருவத்துநாலும் மேலை கிடந்தது."

சிவப்புப் பலகையில் பதினேழு தொங்கியது. அதன் கீழ் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து இரண்டு சுழியோடிகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் தேடினார்கள். பாறைப் படியில் கிறீஸ் தகரம் வைத்த இடத்திலேயே இருந்தது. செல்வம் இல்லை. "வடக்குப் பக்கத்திலை பாறைக்குள்ளை ஒரு வாய் கிடக்கு ஐயா" என்றார் ஒருவர். "கையை வைச்சால் இழுக்குது. உது கடலுக்குப் போகுதோ எங்கை போகுதோ தெரியேல்லை."

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றவள், கையில் இருந்ததைப் போட்டு முடித்தாள்.

"மேலை வந்திட்டானோ?"

"இல்லையம்மா."

"வராத பிள்ளைக்கு என்னெண்டு செத்தவீடு செய்யிறது?"

யாரையும் அழ விடவில்லை. ஐயரை வர விடவில்லை. அவனுடைய சோற்றுக் கோப்பையை எப்போதும்போல் கழுவி என்னுடைய கோப்பைக்கு மேல் கவிழ்த்து வைத்தாள்.

ஐந்தாம் நாள் கலாசாலைக்குத் திரும்பினேன். நாகலிங்கம் விடுதிக்கு எதிரே வேப்பமரத்தின் கீழ் இருந்தார். யாரும் அவருடன் கதைக்கவில்லை. அவருடைய மனைவி மகாதேவி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். எட்டாம் நாள் அதிபர் விசாரணை நடத்துவார், கவனக்குறைவு என்று முடிவானால் பொலிசில் ஒப்படைப்பார் என்று மாணவர்கள் சொன்னார்கள். என்னைக் கண்டதும் நாகலிங்கம் எழுந்து நின்றார்.

"தம்பி, நீர் என்னை ஏசும். அடியும். ஆனா நான் பொய் சொல்லேல்லை."

நான் தலையைக் குனிந்துகொண்டு விடுதிக்குள் போனேன். அவர் பொய் சொல்லவில்லை என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

சத்தியமாக, முதலில் நான் பயத்தினால்தான் வாயைத் திறக்கவில்லை. தகடு சிவப்பில் கிடப்பதைக் கண்டபோது என் கால்களில் ஒரு ஆறுதல் இறங்கியதை மறைக்க முடியாது. நான் தகட்டை மாற்றியதே என் நினைவு மயக்கமோ என்றுகூட எண்ணிப் பார்த்தேன். ஆறாம் நாள் காலை, எல்லோரும் வகுப்பில் இருந்த நேரம், தனியே கொட்டிலுக்குப் போனேன். பதினேழு சிவப்பில் இருந்தது. இரண்டு நாளாக யாரும் கிணற்றுப் பக்கம் போகவில்லை; வெளியே வெயில் கொதித்தது. தகடு ஈரமாக இருந்தது. அதைக் கழற்றி, முன்பு செய்தது போலவே வெள்ளையில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். கதவடியை அடையவில்லை. பின்னால் 'டிங்' என்று பித்தளை ஆணியில் படும் சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். பதினேழு சிவப்பில் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. சின்ன வயதிலிருந்து நாங்கள் இருவரும் அப்படித்தான். அவன் உடைத்த சட்டிக்கு நான் அடி வாங்குவேன். நான் களவாகப் பிடுங்கிய மாங்காய்க்கு அவன் தான்தான் என்பான். நான் விதியை மீறி மாட்டிய தகட்டை அவன் இருந்த இடத்துக்குத் திருப்பிப் போட்டுவிட்டான். என் மேல் பழி வராது. அவனுக்கு அது போதும். அதற்குள் நாகலிங்கம் நசிவார் என்று அவன் யோசித்திருக்க மாட்டான். அவன் எப்போதும் அவ்வளவு தூரம் யோசிக்கிறவன் அல்ல.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சோமசேகரம் மாஸ்டரின் கதவு திறந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணீர் ஆறிப்போகும் வரைக்கும் அவர் கேட்டார்.

"கனகலிங்கம், நீர் துக்கத்திலை கதைக்கிறீர்."

"இல்லை மாஸ்டர். நான்தான் மேலை மாட்டினது."

"அப்ப அது ஏன் கீழை கிடந்தது? எல்லாரும் கண்டது." தலையை மெல்ல ஆட்டினார். "இஞ்சை சொன்னது புத்தகத்திலை ஏறாது. உமக்குத் தெரியும். இஞ்சையே வைச்சிட்டுப் போம். அம்மாவுக்கு இனி ஆர் இருக்கினம்? நீர்தானே."

அன்பாகத்தான் சொன்னார். அந்த அறையை விட்டு வெளியே வரும்போது, வேப்பமரத்தின் கீழ் நாகலிங்கம் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு இருந்தார்.

எட்டாம் நாள் பின்னேரம் மூன்று மணிக்கு விசாரணை. அதிபர் ஒரு மேசையைக் கொட்டிலுக்குள் போடுவித்து, நடத்தைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருந்தார். மாணவர்கள் எல்லோரும் சீருடைக் களிசானும் வெள்ளைச் சேட்டுமாகச் சுவரோரம் நின்றோம். இருபத்துமூன்று பேர். நாகலிங்கம் நடுவில்.

"தொடக்க முன்னம் பலகையைப் பாத்தனீரோ?"

"பாத்தனான் ஐயா. எண்ணினனான்."

"பேந்து எப்பிடி?"

"அதுதான் ஐயா எனக்கும் விளங்கேல்லை."

நான் முன்னால் போனேன். கடிதம், தடங்கள், தகடு, எல்லாம் சொன்னேன். மாணவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. சோமசேகரம் மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார்.

அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாகலிங்கத்திலை இரக்கப்பட்டுச் சொல்லுறீர். உம்மடை மனம் நல்ல மனம். ஆனா தகடு கீழை கிடந்தது. தகடு பொய் சொல்லாது."

"ஐயா, ஒருக்கா மாட்டிக் காட்டட்டோ?"

"காட்டி என்ன?"

"எல்லாரும் பாருங்கோ. அவ்வளவுதான்."

பதினேழைச் சிவப்பிலிருந்து எடுத்தேன். விரல்கள் நனைந்தன. வெள்ளைப் பலகையில், என் தகட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். என்னைக் காப்பாற்ற அவன் வருவான் என்று தெரிந்தேதான் மாட்டினேன். அந்த நேரம் தம்பியை ஒரு பொறியில் விழுத்துவது போல் இருந்தது.

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஒரு காகம் கத்தியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நாகலிங்கம் பலகையிலிருந்து கண்ணை எடுத்துக் கதவுக்கு வெளியே நின்ற மனைவியைப் பார்த்தார்.

அதிபர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் தோய்த்தார். "விசாரணை முடிஞ்சுது" என்றார். எழுதிக்கொண்டே உரக்க வாசித்தார். "எஞ்சின்காரர் நாகலிங்கத்தின் கவனக்குறைவினால்..."

எல்லாக் கண்ணும் பேனாவுக்குத் திரும்பின.

'டிங்'.

அந்தச் சிறு சத்தத்தை அங்கே கேட்காதவர் இல்லை. பேனா நின்றது. பதினேழு சிவப்புப் பலகையில் இப்படியும் அப்படியும் ஆடியது. ஒரு துளி சீமெந்தில் விழுந்தது. பிறகு இன்னொரு துளி. சுவருக்கு ஆறடி தூரத்துக்குள் ஒருவரும் இல்லை.

"ஐயா" என்றார் நாகலிங்கம். "ஆர் ஐயா மாட்டினது?"

அதிபர் எழுந்து பலகைக்குக் கிட்டப் போனார். தொடுவதற்குக் கையை நீட்டி, பதினான்காம் விதி நினைவு வந்தது போல் பின்னுக்கு இழுத்தார். மேசைக்குத் திரும்பி வந்தார். எழுதியதை ஒரு கோட்டால் வெட்டினார். பிறகு வேறொன்று எழுதினார். அதையும் உரக்க வாசித்தார்.

"பதினேழாம் இலக்கத் தகடு எவர் கையும் படாமல் இடம் மாறுவதை நாம் எல்லோரும் கண்டோம். ஆகையால் அதைச் சாட்சியாகக் கொள்ள முடியாது. நாகலிங்கம் குற்றவாளி அல்லர். பதினாறாம் இலக்கக் கனகலிங்கம், விதி பதினான்கை ஒரு முறையும், விலகிப் போனதாலும் கூப்பிடாததாலும் விதி பதினைந்தை இரு முறையும் மீறினார். மூன்று புள்ளி."

பேனாவை வைத்துவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார். "சிவப்பிலை தகடு இருக்குமட்டும் எஞ்சின் தொடக்கக் கூடாது. அது விதி."

வெளியே மகாதேவி அழும் சத்தம் கேட்டது. நான் பெட்டியைக் கட்டினேன்.

அதன்பின் நெல்லியடியில் தோட்டத்துக்கு இறைத்துக்கொண்டு நாட்களைப் போக்கினேன். அம்மா ஒரு கேள்வியைத்தான் கேட்டாள். காலையில் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை. "மேலை வந்திட்டானோ?" முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்ய வேண்டும் என்று உறவுக்காரர் வந்து சொன்னபோது, "வந்தாப் பிறகு பாப்பம்" என்று அவர்களை அனுப்பிவிட்டாள்.

இருபத்தொன்பதாம் நாள் நாகலிங்கம் சைக்கிளில் வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"வந்திருங்கோவன் அண்ணை."

"இல்லைத் தம்பி, நிண்டே சொல்லுறன். எஞ்சின் இன்னும் தொடக்கேல்லை. பெடியள் துலாவிலைதான் அள்ளுறாங்கள். அதிலை ஒண்டுமில்லை, உடம்புக்கு நல்லது. நான் வந்தது வேறை." குரலைத் தாழ்த்தினார். "ஒவ்வொரு நாளும் விடிய அந்தத் தகட்டைப் பஞ்சாலை துடைக்கிறன். கழற்றாமல்தான், தொங்கத் தொங்க. மத்தியானம் பாத்தால் திரும்ப ஈரம். எனக்கு ஒண்டு படுகுது. அவன் உம்மைக் காப்பாத்த மட்டும் அதைக் கீழை போடேல்லை. கீழை நிக்கிற ஆள் கீழைதானே மாட்டவேணும்? அவன் விதிப்படிதான் நிக்கிறான். நீர் அண்டைக்குக் கூப்பிடேல்லை. ஒருக்கா வந்து கூப்பிடும்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். வாசலைத் தாண்ட எனக்கு உரிமை இல்லை. அதிபர் விறாந்தையில் நின்று என்னைக் கண்டார். கண்டும் காணாதவர்போல உள்ளே போய்விட்டார்.

கொட்டிலுக்குள் நானும் நாகலிங்கமும்தான். பத்து மணி வெயில் கிணற்றின் பாதி வரைக்கும் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே கறுப்பு. தண்ணீர் ஏறும் நேரம். பாறைக்குள் எங்கேயோ அது நுழையும் சத்தம், ஒருவர் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் கேட்டது. நான் விளிம்பில், அன்று நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன்.

"பதினேழு. செல்வரட்ணம். மேலை வா."

என் குரல் கீழே போய்த் திரும்பி வந்தது.

"பதினேழு. செல்வரட்ணம். மேலை வா."

இரண்டாம் முறை குரல் திரும்பி வரவில்லை. கிணறு அதை விழுங்கிக்கொண்டது.

மூன்றாம் முறை விதிப்படி கூப்பிட எனக்கு வரவில்லை. "செல்வம், வாடா. மூண்டு புள்ளியும் எனக்குத்தான் போட்டிட்டாங்கள். உனக்கு ஒண்டுமில்லை. வா, வீட்டை போவம்."

மூச்சுச் சத்தம் நின்றது. தண்ணீர் கண்ணாடிபோல் ஆகியது. ஏணியின் கீழ்ப் பலகை ஒன்று கிறீச்சிட்டது. பிறகு அதற்கு மேல் உள்ளது. பிறகு அதற்கும் மேல் உள்ளது. நானும் நாகலிங்கமும் அசையாமல் நின்றோம். கடைசிப் பலகை என் காலடியில் கிறீச்சிட்டபோது ஒரு குளிர் என் வலது தோளை உரசிக்கொண்டு போயிற்று.

'டிங்'.

பலகையைப் பார்த்தோம். சிவப்பில் ஒன்றும் இல்லை. பதினேழு வெள்ளையில், பதினாறுக்குப் பக்கத்தில் இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது. யாரோ நெடுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்ததுபோல் சூடாக இருந்தது.

நாகலிங்கம் ஒவ்வொன்றாக விரலை நீட்டி எண்ணினார். "இருவத்துநாலு" என்றார். கண்ணைத் துடைத்தார். "தொடக்கட்டோ தம்பி?"

நான் கிணற்றை ஒரு முறை பார்த்தேன்.

"ஓம் அண்ணை. தொடக்குங்கோ."

எஞ்சின் மூச்சுப் பிடிக்காமல் ஓடியது. வார் மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போனது. விடுதிப் பக்கத்தில் யாரோ "தண்ணி வருது, தண்ணி வருது" என்று கத்தினார்கள்.

நெல்லியடிக்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடத்தில் யாரும் இருக்கவில்லை. நெரிசலான பஸ். சனம் நின்றுகொண்டு வந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் வாசலில் காலடி வைத்ததும் கேட்டாள்.

"மேலை வந்திட்டானோ மோனை?"

"ஓம் அம்மா. வந்திட்டான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் எதையோ பார்த்துத் தலையை அசைத்தாள். "அப்ப நாளைக்குக் கீரிமலைக்குப் போவம்" என்றாள். கவிழ்த்து வைத்திருந்த கோப்பைகள் இரண்டையும் நிமிர்த்தினாள். இரண்டிலும் சோறு போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றி, பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

நான் கைகழுவிக்கொண்டு ஒன்றின் முன்னால் இருந்தேன். அப்போதுதான் நிலத்தைப் பார்த்தேன். மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. என் கால் காய்ந்த கால். மெழுகிய நிலத்தில், வாசலிலிருந்து மற்றக் கோப்பை வரைக்கும் ஈரத் தடங்கள் கிடந்தன. பெருவிரல் சற்று விலகிய கால்.

இந்த முறை அவசரப்படவில்லை. வந்த தடங்களை ஒவ்வொன்றாக எண்ணினேன். பிறகு போன தடங்களைத் தேடினேன். வாசலடி வரைக்கும் எழுந்து போய்த் தேடினேன். போன தடம் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, தம்பிக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.